ஆறாம் அத்தியாயம்: ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தல்

நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டு வந்த ஒருவர், மூட்டு வீக்கம் வற்றி, மூச்சிரைப்பு அடங்கி, முகத்தில் களை திரும்பி, "இனி இந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டாரானால், அது சிகிச்சை பலித்ததற்கு நல்ல அடையாளம். ஆயினும், மாத்திரையைத் தொடங்கிய அன்று வைத்தியர் எவ்வளவு யோசித்து அளவு குறித்தாரோ அவ்வளவு யோசனை, பல சமயங்களில் அதனினும் அதிகமான யோசனை, அதை விடுவிக்கும் மாதங்களுக்கும் வேண்டியிருக்கிறது. மருந்து வேலை செய்யும் விதத்தைக் கேட்டறிந்து கொண்டவர்கள்கூட, அது விலகும் விதத்தைக் கேட்டறியாமல், மருந்துக் கடையில் மாத்திரை தீர்ந்த நாளையே சிகிச்சை தீர்ந்த நாளாக எண்ணிவிடுவதால், எத்தனையோ விபரீதங்கள் நேர்ந்திருக்கின்றன.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான விஷயம் ஒன்றுதான். குறைக்கும் வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது, அதுவரை மருந்தின் நிழலில் ஓய்ந்துகிடந்த அட்ரீனல் சுரப்பி மறுபடியும் எழுந்து தன் தொழிலைச் செய்யத் தொடங்கும் வேகமேயாகும். அந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை அவசரப்படுத்தக் கூடாது. ஆகையால் மருந்தின் அளவு குறையக் குறைய நம் நடையும் தளர வேண்டும். கடைசி ஐந்து மில்லிகிராமைக் கடப்பதற்கே மிகுந்த நாட்கள் ஆகும். கீழே வரும் எண்களெல்லாம், வைத்தியர் உங்களுக்காக வகுக்கும் திட்டத்தை நீங்கள் புரிந்துகொள்வதற்காகவும் அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பதற்காகவும் தரப்படுகின்றனவேயன்றி, இவற்றைப் பார்த்து எவரும் தாமாகவே அளவைக் கூட்டவோ குறைக்கவோ துணியக் கூடாது.

இந்த அறிவு கிடைத்த வரலாறு

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கெட்டுப்போனால் மனிதன் மெலிந்து, சோர்ந்து, இறுதியில் உயிர் துறக்கிறான் என்பதை 1855-இல் லண்டனில் தாமஸ் அடிசன் என்ற வைத்தியர் விவரித்து எழுதினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடமாட்டம் இழந்திருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்; சில தினங்களுக்குள் அப்பெண் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது. 1950-இல் ஹென்ச்சுக்கும், அட்ரீனல் சாரங்களைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல், டடேயுஸ் ரைக்ஸ்டைன் என்ற இரு ரசாயன அறிஞர்களுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் எச்சரிக்கையும் அந்நாட்களிலேயே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அட்ரீனல் சாரத்தை மிகுதியாகக் கொடுத்தால் எலிகளின் சொந்தச் சுரப்பி சுருங்கிப் போகிறது என்பதை டுவைட் இங்கிளும் கெண்டலும் 1937-இலேயே கண்டு எழுதியிருந்தார்கள். 1952-இல், பல மாதங்கள் கார்ட்டிசோன் பெற்றிருந்த ஒரு முடக்குவாத நோயாளி, இடுப்பு மூட்டு அறுவைக்காக அம்மருந்து நிறுத்தப்பட்ட நிலையில், இரத்த அழுத்தம் வீழ்ந்து, எதனாலும் மீட்க முடியாத அதிர்ச்சி நிலையை அடைந்து இறந்தார். சவப் பரிசோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. கூண்டில் கண்ட உண்மை மருத்துவமனைக் கட்டிலில் பிரத்தியட்சமாகிவிட்டது. இன்று நாம் பின்பற்றும் படிப்படியான குறைப்பு, அறுவைக்கு முன் கேட்கும் கேள்விகள், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் எச்சரிக்கை அட்டை ஆகிய அனைத்தும் அத்தகைய துயர அனுபவங்களிலிருந்து பிறந்தவையே.

சுரப்பி ஏன் ஓய்ந்துபோகிறது?

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்டுகிறது. அட்ரீனல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. இரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவில் இருப்பதை மேலுள்ள இரண்டும் உணர்ந்தால் ஆணை தணிகிறது. கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, காலை எட்டு மணியை ஒட்டி உச்சத்தில் நின்று, நள்ளிரவில் மிகவும் தாழ்ந்துவிடும். நாம் விழுங்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் உடல் கார்ட்டிசாலாகவே எண்ணிக்கொள்வதால், ஆணை நாள்தோறும் தடைப்பட்டு, ஆணை பெறாத சுரப்பி மெல்லமெல்லச் சுருங்குகிறது. நாள் தவறாமல் எடுப்புச் சாப்பாடு வந்துகொண்டிருக்கும் வீட்டில் அடுப்பு மூட்டுவார் இல்லாமற் போவது இயல்புதானே. அந்தச் சாப்பாடு ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிட்டால் வீட்டார் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

மருந்து விலகும்போது பிட்யூட்டரி முதலில் விழிக்கிறது. அதன் தூண்டுதலைப் பெற்று அட்ரீனல் பின்னரே எழுகிறது. சிலருக்குச் சில வாரங்களில் நிறைவேறும் இக்காரியத்திற்கு, வேறு சிலருக்கு ஆறு மாதமும் ஒரு வருஷமும் ஆவதுண்டு. வெளியிலிருந்து பார்த்து எவருடைய சுரப்பி எப்போது எழும் என்று கூற இயலாது.

யாருக்கு இது அவசியம்?

ஆஸ்துமா திடீரென்று மிகுந்ததற்காக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாட்கள் மட்டும் மாத்திரை பெற்ற ஒருவர், வைத்தியர் சொன்ன நாளில் அப்படியே நிறுத்திவிடலாம்; மூன்று நான்கு வாரங்களுக்கு உட்பட்ட சிகிச்சையில், சுரப்பியைக் கருதிப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அதற்கு மேற்பட்டு, உடல் இயல்பாகச் சுரக்கும் அளவினும் அதிகமாக, அதாவது நாளொன்றுக்குப் பிரெட்னிசோலோன் 4 முதல் 6 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேல் உட்கொண்டவர்கள் அனைவரும் கிரமமாகத்தான் குறைக்க வேண்டும். குறுகிய கால மாத்திரைகளையே ஒரு வருஷத்தில் அடிக்கடி பெற்றவர்களையும் இந்த வகையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

மாத்திரையை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. மூட்டுக்குள் போடப்பட்ட ஊசி, மிகுந்த அளவில் உறிஞ்சிவரும் இன்ஹேலர், உடலின் பெரும்பகுதியில் நெடுநாள் பூசிய வீரியமான களிம்பு ஆகியவையும் சுரப்பியை ஓயச் செய்யக்கூடும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் "பச்சிலைப் பொடி" என்று விற்கப்படுபவற்றில் சிலவற்றிலும், உடல் பருக்க வேண்டுமென்று கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அதிசய வேகத்தில் வலியைப் போக்கிய ஒரு பொடியை நெடுநாள் உண்டவர், அதை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டாமல் ஒருநாள் வீசி எறிந்துவிடக் கூடாது. அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விடுவதில்தான் அபாயம் இருக்கிறது.

தொடங்குமுன் வைத்தியரிடம் வைக்க வேண்டிய விவரங்கள்

முதலாவது, மருந்தின் பெயரும் அளவும். ஸ்டீராய்டுகள் எல்லாம் ஒரே வீரியமுடையவை அல்ல. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்கு மெத்தில் பிரெட்னிசோலோன் 4, டிஃப்ளசகார்ட் 6, ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மில்லிகிராம் ஈடாகும். டெக்சாமெத்தசோனிலோ முக்கால் மில்லிகிராமே போதும். அரை மில்லிகிராம் என்று எழுதிய சின்னஞ்சிறு டெக்சாமெத்தசோன் மாத்திரையை அற்பமென்று எண்ணுவது பெரும் பிழை. அது உடலில் நெடுநேரம் தங்கிச் சுரப்பியை அதிகமாக அழுத்துவதால், குறைக்கத் தொடங்கும்போது வைத்தியர் அதை நீக்கி, பிரெட்னிசோலோன் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவது வழக்கம்.

இரண்டாவது, கூட உண்ணும் மருந்துகள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை விரைவில் கரைத்துவிடுவதால், எண்ணிக்கையில் மாறாத மாத்திரை உடலுக்குள் பாதியாகிவிடக்கூடும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகோனசோல் போன்றவை இதற்கு நேர்மாறாக ஸ்டீராய்டை உடலில் தேக்கிவைக்கும். அவற்றை நிறுத்தும் நாளில் ஸ்டீராய்டின் பலமும் இறங்கும்.

மூன்றாவது, நீரிழிவு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவதால் பலருக்கு இன்சுலின் அளவும் மாத்திரையும் கூட்டப்பட்டிருக்கும். ஸ்டீராய்டு இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்குமாதலால், இன்சுலினை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருப்பவர் வியர்த்து, நடுங்கி, நினைவிழக்கும் தாழ்சர்க்கரை நிலைக்கு ஆளாவார். ஒவ்வொரு படி இறங்கும்போதும் "இன்சுலினை எவ்வளவு குறைக்கட்டும்?" என்று கேட்பது உங்கள் கடமை. இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே விதி பொருந்தும்.

நான்காவது, நோயின் நிலை. அடிப்படை நோய் அடங்கியிருக்கிறது என்று வைத்தியர் தீர்மானித்த பின்னரே குறைப்பு தொடங்கும். முடக்குவாதம், லூபஸ், குடல் அழற்சி போன்றவற்றில், ஸ்டீராய்டு விட்டுச்செல்லும் இடத்தைத் தாங்குவதற்கென்று மெத்தோட்ரெக்சேட், அசாத்தியோப்ரின் முதலிய மருந்துகள் முன்னதாகவே தொடங்கப்பட்டிருக்கும். அவை பலிக்கச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். பலிக்கும் வரை பொறுத்திருப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

எந்த அளவில் எந்த வேகம்?

சில நோய்களுக்கு அட்டவணை முன்னமே வகுக்கப்பட்டிருக்கிறது. தொழுநோயில் நரம்பு அழற்சி ஏற்படும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் பழக்கப்பட்ட முறைப்படி, 40 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 30, 20, 15, 10, 5 என்று இறங்கிப் பன்னிரண்டு வாரங்களில் நிறுத்துகிறார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய் முதன்முதலில் கண்ட குழந்தைகளுக்கு, ஆறு வாரங்கள் நாள்தோறும் கொடுத்த பின், அளவைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மேலும் ஆறு வாரங்கள் கொடுப்பது நம் நாட்டில் வழங்கும் முறை. இவ்விரு அட்டவணைகளும் அந்தந்த நோய்க்கும் அந்தந்தக் கால அளவுக்கும் உரியவை. பல வருஷங்களாக மாத்திரை உண்ட மூட்டுவாத நோயாளி இவற்றைத் தமக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அத்தகைய நெடுநாள் நோயாளிகளுக்குப் பொதுவாக வைத்தியர்கள் கைக்கொள்ளும் நடை இதுவாகும். பிரெட்னிசோலோன் அளவு நாளொன்றுக்கு நாற்பது மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்போது வாரத்துக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை குறைக்கலாம். நாற்பதிலிருந்து இருபது வரை வாரத்துக்கு 5. இருபதிலிருந்து பத்து வரை, ஒன்று முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 1 முதல் 2.5 வரை, பத்துக்குக் கீழே 1 மில்லிகிராம் வீதம், பெரும்பாலும் மாதம் ஒருமுறை. மேலே விரைந்து வந்த வண்டி கீழே ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று பலர் மனம் நொந்துகொள்கிறார்கள். விகிதத்தைக் கணக்கிட்டால் விடை தெரியும்: நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்குவது எட்டில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து நான்குக்கு இறங்குவது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதோ சரிபாதி. அன்றியும், இருபது மில்லிகிராம் உண்பவரின் உடலில் தேவைக்கு மேற்பட்ட சேமிப்பு இருக்கிறது. ஐந்துக்குக் கீழே வந்தவருக்கு ஒவ்வொரு துளிக் குறைவையும் அவருடைய சொந்தச் சுரப்பியே ஈடுகட்டியாக வேண்டும்.

மாத்திரையை முறிப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். எல்லாக் கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது 5, 10 மில்லிகிராம் மாத்திரைகளே. ஒரு மில்லிகிராம், இரண்டரை மில்லிகிராம் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்க நேரிடலாம். கோடிட்ட சாதாரண மாத்திரையை மாத்திரை வெட்டியில் வைத்துப் பாதியாக்கலாம். குடலில் கரைவதற்கென்று மேற்பூச்சு இட்டதை வெட்டக் கூடாது. ஐந்தும் நான்கும் மாறிமாறி உண்ணும்படி வைத்தியர் எழுதியிருந்தால், நாட்காட்டித் தாளில் அந்தந்தத் தேதிக்கு நேராக அளவை எழுதிவைத்து, விழுங்கிய உடனே கோடு கிழித்துவிடுங்கள். "நேற்று ஐந்தா, நான்கா?" என்ற சந்தேகத்திற்கு இடமிராது. மாத்திரையைக் காலையில், உணவுக்குப் பின், ஒரே நேரத்தில் உட்கொள்வது சுரப்பியின் இயல்பான காலக்கிரமத்தோடு ஒத்துப்போகும்.

அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் மாத்திரை பெறுபவர்கள், டப்பாவில் ஒரு வாரத்திற்கு உரியது எஞ்சியிருக்கும்போதே மறுமுறை சென்று வாங்கிவிட வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளும், ஊர்ப் பயணங்களும், கடையில் இருப்பு இல்லாமையும் வைத்தியர் எண்ணாத ஒரு திடீர் நிறுத்தத்தை உண்டாக்கிவிடும். ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு, மாலையணிந்த விரதம் ஆகியவற்றை அனுசரிப்பவர்கள், குறைப்புக் காலத்தில் உணவும் நீரும் தவிர்ப்பதைப் பற்றி முன்னரே கலந்து பேசிக்கொள்ள வேண்டும்.

ஒரே சோர்வுக்கு மூன்று காரணங்கள்

குறைப்புக் காலத்தில் நோயாளியைக் குழப்புவது சோர்வு. அது மூன்று இடங்களிலிருந்து வரக்கூடும். பழைய நோயே தலைதூக்கியிருக்கலாம். சுரப்பி இன்னும் எழாமையால் கார்ட்டிசால் பற்றாக்குறை நேர்ந்திருக்கலாம். அல்லது பற்றாக்குறை இல்லாதபோதும், மிகுந்த அளவுக்குப் பழகிய உடல் இயல்பான அளவைக் குறைவாக உணர்வதால் தோன்றும் விலகல் உபாதையாக இருக்கலாம். மூன்றிலும் உடல் வலிக்கும், பசி மந்தமாகும், மனம் வாடும். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. பிரித்தறிவதற்கு வேண்டிய சாட்சியங்களைத் திரட்டித் தருவது நம் வேலை.

ஓர் உதாரணத்தை மனக்கண்முன் வைத்துக்கொள்வோம். முடக்குவாதத்துக்காக நான்கு வருஷம் மாத்திரை உண்ட ஓர் ஆசிரியை, ஏழரையிலிருந்து ஐந்துக்கு இறங்கிய மூன்றாம் வாரம் வைத்தியரிடம் வருகிறார்.

"வலி ஒன்றும் பெரிதாக இல்லை, டாக்டர். ஆனால் காலையில் எழுந்து குளிக்கப் போவதே மலையாக இருக்கிறது. நானே பழையபடி ஏழரை போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தேன்."

"போட்டுக்கொண்டீர்களா, அம்மா?"

"இல்லை. உங்களைக் கேட்காமல் போட வேண்டாமென்று மகள் சொல்லிவிட்டாள்."

"நல்ல காரியம் செய்தாள். காலையில் விரல்கள் மடங்க எவ்வளவு நேரமாகிறது? நோட்டில் எழுதியிருக்கிறீர்களா?"

நோட்டுப் புத்தகத்தை அவர் நீட்டுகிறார். ஒரு நாளுக்கு ஒரு வரிதான்: "செவ்வாய் – காலை 7.30, இட்லிக்குப் பின், 5 மி.கி. – விரல் மடங்க 15 நிமிஷம் – எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது – மதியம் பாதிச் சாப்பாடு." வைத்தியர் மணிக்கட்டையும் விரல் கணுக்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார், வீக்கமில்லை. படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நிற்கச் செய்து ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்க்கிறார். நிற்கும்போது அது கணிசமாக இறங்குகிறது. காலை விறைப்பு நீளவில்லை, கணுக்கள் வீங்கவில்லை. ஆகவே பழைய நோய் திரும்பியது என்பதற்கு ஆதாரம் குறைவு. நிற்கும்போது கண் இருட்டுவதும், பசி மந்தமும், அழுத்தம் வீழ்வதும் சுரப்பியின் பக்கம் விரலை நீட்டுகின்றன. அன்றைக்கே அளவை ஏழரைக்கு உயர்த்தி, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். அந்த ஒரு வரிக் குறிப்புகள் இல்லாதிருந்தால் இந்த முடிவுக்கு வருவது எளிதாயிராது.

இங்கே குறிப்பிட வேண்டிய பரிசோதனை காலை நேரக் கார்ட்டிசால் அளவாகும். முந்தைய நாள் காலை மாத்திரை உண்டபின் இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, அன்றைய மாத்திரையை விழுங்குமுன், காலை எட்டு ஒன்பது மணிக்குள் இரத்தம் எடுக்கிறார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் கணக்கே தவறிவிடும். ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தால் சுரப்பி மீண்டுவிட்டதாகக் கொண்டு மாத்திரையை நிறுத்த முற்படலாம். 5-க்கும் 10-க்கும் இடையிலிருந்தால் இயல்பளவு மாத்திரையைத் தொடர்ந்து, சில வாரங்களோ மாதங்களோ சென்று மறுபடி பார்க்கிறார்கள். 5-க்குக் கீழென்றால் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். ஐயம் நீங்காத இடத்தில் தூண்டல் ஊசி போட்டுச் சுரப்பியைச் சோதிப்பதுமுண்டு. ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்கள் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. அது இரத்தத்தில் கார்ட்டிசாலை அதிகமாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

ஒரு படி ஏறிவிட்டோமே என்று இத்தருணத்தில் துயரப்பட வேண்டியதில்லை. முந்தைய படிக்குத் திரும்பி, அங்கே நிலைபெற்று, பின்னர் முன்னினும் சிறிய படியாக இறங்குவது இந்தச் சிகிச்சையின் அங்கீகரிக்கப்பட்ட யுக்தியேயாகும்.

உடனே உதவி தேட வேண்டிய வேளைகள்

அடங்காத வாந்தி, கடும் வயிற்று வலி, எழ முடியாத பலவீனம், குளிர்ந்த வியர்வை, குழம்பிய பேச்சு, மயக்கம் ஆகியவற்றில் எதுவாயினும், ஸ்டீராய்டு உண்பவருக்கோ அண்மையில் நிறுத்தியவருக்கோ நேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். "இவர் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்ற செய்தியை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சிரை வழியே உப்பு நீரும் அத்தருணத்தில் உயிர் காக்கும். செய்தி தெரியாவிட்டால் அந்த ஊசி தாமதமாகிவிடும்.

காய்ச்சல், நிமோனியா, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, பிரசவம் ஆகிய வேளைகளில் ஆரோக்கியமான சுரப்பி பல மடங்கு கார்ட்டிசாலைச் சுரந்து உடலைத் தாங்குகிறது. ஓய்ந்திருக்கும் சுரப்பியால் அது இயலாதாகையால், அந்நாட்களுக்குரிய அளவை வைத்தியர் தற்காலிகமாகக் கூட்டுவார். நோய் நீங்கியதும் பழைய படிக்கே திரும்பலாம். காய்ச்சல் வந்த பிறகு தேடி அலையாமல், "காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை, எத்தனை நாள்? வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது?" என்ற இரு கேள்விகளுக்கும் விடையை மருந்துச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்குவதாயிருந்தாலும் பல் வைத்தியருக்கு இச்செய்தியைத் தெரிவிக்க வேண்டும்.

பிரிட்டனில் 2020 முதல் இத்தகைய நோயாளிகளுக்கு அவசர எச்சரிக்கை அட்டை வழங்கும்படி மருத்துவ நிலையங்கள் பணிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊரில் அச்சிட்ட அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயர், நோய், மாத்திரையின் பெயரும் அளவும், எப்போதிலிருந்து உண்கிறார் என்பது, வைத்தியரின் தொலைபேசி எண், அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும் என்ற வாசகம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கெட்டித் தாளில் எழுதி, வைத்தியரின் கையொப்பம் பெற்று, பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியின் முகப்பில் அதன் படத்தை வைப்பதும் பயனுடையது.

கடைசி மாத்திரைக்குப் பின்

"ஸ்டீராய்டு" என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சி, அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு ஒரே இரவில் நிறுத்திவிடுபவரும், உண்டால் உற்சாகமாயிருக்கிறது என்று வைத்தியரைப் பாராமல் பழைய சீட்டையே நீட்டி வருஷக்கணக்கில் வாங்கி உண்பவரும் ஒரே தவற்றின் இரு பக்கங்களில் நிற்கிறார்கள். முன்னவருக்கு அதிர்ச்சி நிலை காத்திருக்கிறது; பின்னவருக்கு எலும்புத் தேய்வும், கண்புரையும், நீரிழிவும், காசநோய் முதலிய தொற்றுகளும் காத்திருக்கின்றன. இரண்டு அபாயங்களுக்கும் நடுவிலுள்ள வழி நிதானமானது. அதில் வைத்தியரும், நோயாளியும், வீட்டாரும் ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கடைசி மாத்திரையை விழுங்கிய பின்பும் இந்தக் கவனத்தை ஒரு வருஷம் தளரவிடாதீர்கள். சாதாரண நாட்களுக்குப் போதுமானபடி விழித்துவிட்ட சுரப்பி, பெரிய நோயையோ அறுவையையோ தாங்குமளவுக்கு இன்னும் தேறாமலிருக்கலாம். ஆகையால் அந்த ஒரு வருஷத்திற்கு எச்சரிக்கை அட்டையைப் பணப்பையிலிருந்து எடுக்க வேண்டாம். புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரிடமும், அவர் கேட்காவிட்டாலும், எந்த மாதம் வரை ஸ்டீராய்டு உட்கொண்டீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எலும்புக்காகத் தொடங்கிய கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் எப்போது நிறுத்தலாம், கண்ணையும் எலும்பின் அடர்த்தியையும் எப்போது மறுபடி பரிசோதிக்கலாம், அடிப்படை நோய் திரும்புவதன் முதல் லட்சணம் எது என்ற மூன்று கேள்விகளை, மாத்திரை நிற்கும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த சந்திப்புக்குரிய தேதியையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.